உறுப்பினர் பேசியாகிவிட்டது, பதில் எங்கிருந்து வரும்?

#1 பின்வரிசை

ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இரண்டு விதமான வீடியோக்கள் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. ஒன்றில் நம் தொகுதி எம்.பி. நேரமில்லா நேரத்தில் எழுந்து ஒரு பிரச்சினையைச் சொல்லிவிட்டு உட்காருவார். இன்னொன்றில் அவை அமளியில் கிடக்கும். முதலாவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், இரண்டாவதைப் பார்த்து நொந்துகொள்கிறோம். பேசிய பிரச்சினை அப்புறம் என்ன ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் சில ஆண்டுகள் ஒரு மக்களவை உறுப்பினரிடம் கேள்விகளும் நோட்டீஸ்களும் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஒருவர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பதைவிட, எந்த விதியின் கீழ் பேசினார் என்பதில்தான் பதில் வருவதும் வராததும் இருக்கிறது.

நேரமில்லா நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவை விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு நேரம் கிடையாது. கேள்வி நேரம் பகல் 12 மணிக்கு முடிந்ததும், அன்றைய அலுவல் தொடங்குவதற்கு முன்னால் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் வழக்கமாக அது வளர்ந்தது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும், வந்தால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சின் பகுதி நாடாளுமன்ற விவகார அமைச்சகம் வழியாக உரிய அமைச்சகத்துக்குப் போகும். அதற்குமேல் அமைச்சகத்தின் விருப்பம்.

2019 ஜூலை 18 அன்று மக்களவையில் நேரமில்லா நேரம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நீண்டது. 160-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது, அது நல்ல விஷயம். ஆனால் அந்த 160 பிரச்சினைகளுக்கும் தேதி போட்டு ஒரு பதில் வந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை.

இதற்குப் பக்கத்திலேயே விதி 377 இருக்கிறது. எழுப்ப விரும்பும் பிரச்சினையை 250 வார்த்தைக்குள் எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வாசகத்தை அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு வரி கூடுதலாகப் பேச முடியாது. வாரத்துக்கு ஒருவருக்கு ஒன்றுதான். பார்ப்பதற்குச் சப்பென்றிருக்கும், வீடியோ போட்டால் யாரும் பகிர மாட்டார்கள். ஆனால் அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. மாநிலங்களவையில் இதே வேலையை விதி 180ஏ-யின் கீழ் வரும் சிறப்புக் குறிப்பு செய்கிறது.

மக்கள் தங்கள் எம்.பி.யிடம் ‘நேரமில்லா நேரத்தில் பேசுங்கள்’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘377-ல் கொடுங்கள், வந்த கடிதத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

#2 சட்டம்படிக்கிறேன்

நல்ல இழை சார். ஒரு சந்தேகம். அவை நாள் முழுக்க அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் 377-ம் போய்விடும் இல்லையா? அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

#3 பின்வரிசை

இல்லைம்மா, இங்கேதான் பெரிய வித்தியாசம். அமளி நாள்களில் 377 வாசகங்களை அவையின் மேசையில் வைத்துவிட அனுமதிப்பார்கள். வாசித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும், நடவடிக்கைக் குறிப்பில் ஏறும், அமைச்சகத்துக்கும் போகும். நேரமில்லா நேரத்தில் பேச வேண்டியது, பேசாவிட்டால் அன்றோடு போச்சு.

கேள்விகளும் அப்படித்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் (அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டியவை), 230 குறியிடாத கேள்விகள் (எழுத்தில் மட்டும் பதில்). கேள்வி நேரம் முழுக்கக் கூச்சலில் போனாலும் அந்த 250-க்கும் எழுத்தில் பதில் வந்துவிடும். இழப்பது துணைக் கேள்விகளை மட்டும்தான், அதாவது அமைச்சரின் பதிலை வைத்து அங்கேயே தொடர்ந்து கேட்பதை.

#4 பார்வையாளர்மாடம்

// இழப்பது துணைக் கேள்விகளை மட்டும்தான் //

இந்த ‘மட்டும்தான்’ எனக்கு உடன்பாடில்லை, நண்பரே. நான் பல ஆண்டுகள் அவை நடவடிக்கைகளைச் செய்தியாக்கிக்கொண்டிருந்தவன். துணைக் கேள்விதான் கேள்வி நேரத்தின் உயிர். எழுத்துப் பதிலை அதிகாரிகள் பத்து நாள் உட்கார்ந்து செதுக்குகிறார்கள். துணைக் கேள்விக்கு அமைச்சர் அந்த நிமிடத்தில், தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். துறையைப் படித்திருக்கிறாரா இல்லையா என்பது முதல் துணைக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

முந்த்ரா விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டது பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. முதலில் வந்த பதில் மழுப்பல். உறுப்பினர்கள் விடவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி அதை எடுத்துக்கொண்டு, ஆளும் கட்சி வரிசையில் இருந்தபடியே ஆதாரங்களோடு பேசினார். நீதிபதி சாக்ளா விசாரணை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்த முதல் பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா?

377 கடிதம் தேவைதான். ஆனால் அவையில் நேருக்கு நேர் கேட்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளாதீர்கள்.

#5 கோப்புக்குறிப்பு

மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அமைச்சகம் என்பது வேண்டாம். மேசையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுப்பாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு தொகுப்புக்கும் வாரத்தில் ஒரு நாள். எங்கள் நாள் வருகிறது என்றால் அந்த வாரம் முழுக்கப் பிரிவே வேறு மாதிரி இருக்கும். கேள்வி வந்ததும் தகவல் கேட்டுக் கள அலுவலகங்களுக்கு ஓலை போகும். வரைவுப் பதிலை நாங்கள் எழுதுவோம், சார்புச் செயலாளர் திருத்துவார், துணைச் செயலாளர் இன்னொரு தடவை, இணைச் செயலாளர் இன்னொரு தடவை, பிறகு அமைச்சர். நட்சத்திரக் கேள்வி என்றால் கூடவே துணைக் கேள்விகளுக்கான குறிப்பு என்று ஒரு கனமான கோப்பு போகும். உறுப்பினர் என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று யோசித்து நாங்களே கேள்வியும் எழுதிப் பதிலும் எழுதி வைப்போம். முந்தின நாள் மாலை அமைச்சருக்கு விளக்கம். மறுநாள் அதிகாரிகள் மாடத்தில் எங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள். எதிர்பாராத கேள்வி வந்தால் துண்டுச் சீட்டு கீழே போகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பேரும் எதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வோம் தெரியுமா? உறுதிமொழி ஆகிவிடக் கூடாது என்பதற்காக. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்’, ‘நான் கவனிக்கிறேன்’ இந்த மாதிரி வாசகங்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. பதிலில் அவற்றில் ஒன்று விழுந்தால் அது அரசின் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் உறுதிமொழிக் குழுவிடம் எழுதி அவகாசம் கேட்க வேண்டும். மக்களவையில் அந்தக் குழு 1953-லிருந்து இருக்கிறது, மாநிலங்களவையில் 1972-லிருந்து. குழு கூப்பிட்டால் செயலாளரே போய் உட்கார்ந்து ஏன் தாமதம் என்று விளக்க வேண்டும். அமைச்சகத்தில் யாரும் விரும்பாத நாள் அது.

நேரமில்லா நேரத்தில் பேசியதற்கு இந்தக் கயிறு கிடையாது. என் மேசைக்கு வந்த நேரமில்லா நேரப் பகுதிகளுக்குப் பதில் போனதும் உண்டு, கட்டோடு கிடந்ததும் உண்டு. யாரும் வந்து கேட்கவில்லை. அதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

#6 சட்டம்படிக்கிறேன்

சார், இது எங்கள் பாடத்தில் ஒரு பத்தியாகக்கூட இல்லை. உறுதிமொழிக் குழு என்று பெயர் மட்டும் படித்தோம். நன்றி.

#7 தூரத்துநாடு

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே மக்கள் சபையில் வியாழக்கிழமைதோறும் நடப்பதைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவை முன்னவர் எழுந்து அடுத்த வாரம் என்னென்ன அலுவல் என்று வாசிப்பார். அதன் பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ‘இது பற்றி விவாதத்துக்கு நேரம் ஒதுக்குவீர்களா’ என்று கேட்பார்கள். பேருக்குத்தான் அது நேரம் ஒதுக்கக் கேட்பது. உண்மையில் தொகுதியில் மூடப்பட்ட தபால் நிலையம், மருத்துவமனைக் காத்திருப்பு, ரயில் ரத்து என்று எதை வேண்டுமானாலும் கொண்டுவருவார்கள். முன்னவர் அத்தனை பேருக்கும் அங்கேயே பதில் சொல்வார். தெரியாததற்கு ‘அமைச்சரிடம் எடுத்துச் சொல்கிறேன்’ என்று ஒப்புக்கொள்வார், உறுப்பினர் அதை வைத்து மறுபடி கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடப் போகும்.

அவசரக் கேள்வி என்று இன்னொன்று. அவைத்தலைவர் அனுமதித்தால் அன்றைக்கே அமைச்சர் அவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். 2009 முதல் 2019 வரை தலைவராக இருந்த ஜான் பெர்கோ அதைத் தாராளமாக அனுமதித்தார்.

நம் நாட்டில் வியாழக்கிழமை மாதிரி எதுவும் இல்லையா?

#8 பின்வரிசை

இருக்கிறது, பாதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை நாடாளுமன்ற விவகார அமைச்சர் அடுத்த வார அரசு அலுவல்களை அறிவிப்பார். அதையொட்டி ‘அடுத்த வார நிகழ்ச்சி நிரலில் இதையும் சேருங்கள்’ என்று உறுப்பினர்கள் கோரிக்கை வைக்கும் வழக்கம் மக்களவையில் உண்டு. நானே அதற்கு வாசகம் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர் வாசிப்பார், குறிப்பில் ஏறும். நீங்கள் சொல்வது போல ஒவ்வொருவருக்கும் அங்கேயே பதில் சொல்லும் பகுதிதான் கிடையாது.

என்னைக் கேட்டால் நாம் கேட்க வேண்டிய சீர்திருத்தம் இதுதான். புதிதாகக் கட்டிடம் வேண்டாம், அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், அமைச்சர் கேட்டுவிட்டுப் போகாமல் நின்று பதில் சொல்ல வேண்டும். ‘இந்த வாரம் முடியாது, காரணம் இது’ என்று சொன்னாலும் போதும். அதுகூட ஒரு பதில்தான்.

#9 பார்வையாளர்மாடம்

இதில் முழு உடன்பாடு. ஆனால் நிகழ்ச்சி நிரல் யார் கையில் இருக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

மக்களவையில் அலுவல் ஆலோசனைக் குழுவில் சபாநாயகரையும் சேர்த்து 15 பேர், மாநிலங்களவையில் 11 பேர். எல்லாக் கட்சிகளும் உட்கார்ந்து பேசுகிற இடம் என்று வெளியே சொல்கிறோம். அங்கே முக்கியமாக முடிவாவது அரசு கொண்டுவரும் அலுவலுக்கு எத்தனை மணி நேரம் என்பது. எந்த மசோதா, எப்போது என்பதை அரசு ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு வந்துவிடுகிறது. ஒதுக்கிய நேரம் கட்சி பலத்துக்கு ஏற்பப் பிரிகிறது. இரண்டு மூன்று உறுப்பினர் உள்ள கட்சிக்குச் சில நிமிடம்தான் மிஞ்சும். அந்தச் சில நிமிடத்தில் ஒரு மசோதாவைப் பற்றியும் பேச வேண்டும், தொகுதியைப் பற்றியும் பேச வேண்டும் என்று அவர்கள் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை இரண்டரை மணி நேரம். இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-ல். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அரசு அல்லாத ஒருவர் கொண்டுவந்தது ஒரு அவையில் நிறைவேறியதே அன்றைக்குப் பெரிய செய்தி.

#10 தூரத்துநாடு

இங்கும் அரசுக்குத்தான் முன்னுரிமை. நிலையாணை 14 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே ஆணையில் ஒரு தொடரில் 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த நாளில் என்ன விவாதிப்பது என்று எதிர்க்கட்சி முடிவு செய்யும். 2010-ல் பின்வரிசை அலுவல் குழு என்று ஒன்று வந்தது. எந்தக் கட்சியாக இருந்தாலும் சாதாரண உறுப்பினர்கள் அந்தக் குழுவிடம் போய்த் தங்கள் விவாதத்துக்காக வாதாடலாம். முன்னதாக அவைச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த ரைட் குழு அரசு அலுவலுக்கும் சேர்த்து ஒரு பொதுக் குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது மட்டும் இன்றுவரை அமையவில்லை. எந்த அரசும் நிரலை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

#11 கணக்குப்பிள்ளை

எல்லாரும் விதிகளைப் பேசுகிறீர்கள். அடிப்படை நாள் கணக்கு. முதல் மக்களவை 677 நாள் அமர்ந்தது. 2019-ல் வந்த 17-வது மக்களவை ஐந்து ஆண்டில் 274 நாள். பாதிகூட இல்லை. அரசியல் சட்டத்தின் 85-வது பிரிவு இரண்டு தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டும் சொல்கிறது. எத்தனை நாள் கூட வேண்டும் என்று சொல்லவில்லை. கடையே திறக்காமல் எந்தப் பொருளை எந்த அலமாரியில் வைக்கலாம் என்று பேசி என்ன பயன்?

#12 பின்வரிசை

நாள் கூட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாள் கூடினாலும் பதிலுக்குக் கட்டாயம் இல்லாத வழியில் பேசினால் பதில் வராது. 2020 செப்டம்பர் தொடரை நினைவுபடுத்துகிறேன். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லை என்றார்கள், நேரமில்லா நேரம் அரை மணியாகச் சுருங்கியது. அப்போதும் குறியிடாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்தது. முதலில் வெட்டுப்படுவது எது, கடைசிவரை நிற்பது எது என்று அதிலிருந்து தெரிகிறதல்லவா?

#13 கணக்குப்பிள்ளை

கேள்வி நேரத்தையே வெட்டியதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். அதை ஏற்றுக்கொண்டு மிச்சத்தில் வாழக் கற்றுக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் நடைமுறைப் பலனை ஒப்புக்கொள்கிறேன்.

#14 பார்வையாளர்மாடம்

மாநிலத்தை விட்டுவிட்டோம். நம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே அலுவல் ஆய்வுக் குழு கூடித்தான் எத்தனை நாள், எந்த நாளில் எந்தத் துறையின் மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்பது) என்று முடிவாகிறது. எம்.எல்.ஏ.க்கள் தொகுதிப் பிரச்சினையைப் பேசும் பெரிய வாய்ப்பு அந்த மானியக் கோரிக்கை விவாதம்தான், மாலையில் அமைச்சர் பதிலுரை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருவதால் மக்கள் நேரடியாகப் பார்க்கிறார்கள்.

விதி 110 எல்லாருக்கும் தெரியும். முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை வாசிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கவன ஈர்ப்பு. உறுப்பினர் எழுப்பினால் அமைச்சர் விளக்கம் தந்தாக வேண்டும். ஒரே அவையில் ஒரு வழி அரசு பேசுவதற்கு, இன்னொரு வழி உறுப்பினர் பேச வைப்பதற்கு. எது எத்தனை தடவை பயன்படுகிறது என்று பார்த்தாலே அந்தப் பேரவையைப் பற்றித் தெரிந்துவிடும்.

2022 ஆகஸ்டில் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்ற பெயரில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் நீண்ட நாள் தீராத பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுத் தரும்படி முதலமைச்சர் கடிதம் எழுதினார். எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்டது நல்லது. எனக்குள்ள கவலை, இந்த மாதிரிக் கோரிக்கைகளின் நிலை என்ன என்பதும் அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்பது. கோப்பில் நடப்பதைக் குடிமக்கள் பார்க்க முடியாது, அவையில் நடப்பதைப் பார்க்கலாம்.

பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாக வந்து ஆய்வு நடத்தும். உங்கள் ஊருக்கு வரும்போது செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும், கவனித்துப் பாருங்கள்.

#15 கீழ்ப்பாலம்

வணக்கம். இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழையைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் பகுதியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். பள்ளி வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஆம்புலன்ஸும் அப்படித்தான். ஒரு மழை இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தண்டவாளத்தின் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள், ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி. நானும் அதில் ஒரு கால் பிடித்தவன். ரயில்வேயைக் கேட்டால் தண்ணீரை இறைப்பது உள்ளாட்சி வேலை என்கிறார்கள், உள்ளாட்சியைக் கேட்டால் ரயில்வே கட்டியது என்கிறார்கள்.

எங்கள் எம்.பி. நல்லவர், நேரமில்லா நேரத்தில் இதைப் பேசினார். தமிழில், உருக்கமாகப் பேசினார். ஊரே அந்த வீடியோவைப் பார்த்தது. அதோடு சரி. இனி என்ன செய்யலாம்?

#16 கோப்புக்குறிப்பு

தம்பி, அந்தப் பெண்ணும் குழந்தையும் நலமா?

ஒரு வழி சொல்கிறேன். முதலில் குறியிடாத கேள்வி. அதற்குக் குலுக்கல் அதிர்ஷ்டம் நட்சத்திரக் கேள்விக்கு வேண்டிய அளவு வேண்டாம். ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் ஐந்து கேள்வி வரை இடம் உண்டு, அதில் ஒன்றுதான் நட்சத்திரம். பதில் எழுத்தில் வரும், பொறுப்பு யாருடையது என்று அமைச்சரே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தது 377. கேள்வியில் நீங்கள் தகவலை வாங்குகிறீர்கள், 377-ல் செயலைக் கேட்கிறீர்கள். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

கேள்வியை நீங்களே எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் ஆள் பற்றாக்குறை. தயாராக வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

#17 கீழ்ப்பாலம்

இருவரும் நலம் ஐயா. கேட்டதற்கு நன்றி.

எழுதிப் பார்த்தேன்:

‘எங்கள் பகுதியின் சுரங்கப்பாதையில் பல ஆண்டுகளாக மழைநீர் தேங்கி மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாவதை ரயில்வே அமைச்சர் அறிவாரா? அதிகாரிகளின் அலட்சியமே இதற்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறாரா? உடனடியாக மேம்பாலம் கட்ட அரசு முன்வருமா?’

சரியா?

#18 பின்வரிசை

இது மூன்று காரணத்தால் நிற்காது. மக்களவை விதி 41 கேள்வியில் வாதம், ஊகம், குற்றச்சாட்டு, அடைமொழி இருக்கக் கூடாது என்கிறது. கருத்துக் கேட்கவும் கூடாது. ‘சொல்லொணாத் துயரம்’, ‘அலட்சியம்’, ‘ஒப்புக்கொள்கிறாரா’ மூன்றும் அங்கேயே அடிபடும். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதைத் தாங்க வேண்டியவை எண்களும் தேதிகளும்தான். 150 வார்த்தைக்குள் இருக்கட்டும்.

#19 பார்வையாளர்மாடம்

‘அரசு முன்வருமா’ என்று முடிப்பதையும் விடுங்கள். பேரவையில் இந்த வடிவத்தை ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். எத்தனை, எப்போது, யார், எவ்வளவு என்று கேளுங்கள்.

#20 கோப்புக்குறிப்பு

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் வரைவுப் பதில் எழுதும் இடத்தில் இருந்திருந்தால் எது வந்தால் நழுவ முடியாது என்று யோசித்து எழுதியிருக்கிறேன்.

‘ரயில்வே அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:

(அ) குறிப்பிட்ட ரயில்வே கோட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் லெவல் கிராசிங்குகளுக்குப் பதிலாகக் கட்டப்பட்ட சுரங்கப்பாதைகளின் எண்ணிக்கை, இட வாரியாக;

(ஆ) அவற்றுள் மழைக்காலத்தில் நீர் தேங்குவதாகக் கண்டறியப்பட்டவை எவை, ஒவ்வொன்றிலும் மோட்டாரும் வடிகாலும் உள்ளனவா;

(இ) தேங்கும் நீரை வெளியேற்றும் பொறுப்பு ரயில்வேயுடையதா, உள்ளாட்சி அமைப்புடையதா, இதற்கான ஒப்பந்தம் அல்லது ஆணையின் தேதி;

(ஈ) இன்ன எண்ணுள்ள சுரங்கப்பாதையில் நிரந்தர வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் தொகை, ஒப்புதல் அளித்த தேதி, முடிக்கும் காலக்கெடு. இல்லை எனில் அதற்கான காரணங்கள்?’

(இ)தான் முக்கியம். அதற்கு வரும் பதிலை வைத்து இரண்டு அலுவலகங்களில் எதன் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும். (அ) எதற்கு என்றால், ஒரே ஒரு பாதையைப் பற்றி மட்டும் கேட்டால் உள்ளூர் விவகாரம் என்று ஓரம் கட்டலாம். கோட்டம் முழுக்கக் கேட்டால் அது பொது நலன். லெவல் கிராசிங் எண்ணைத் தவறாமல் போடுங்கள், எண் இல்லாத கேள்விக்கு எண் இல்லாத பதில்தான் வரும்.

#21 சட்டம்படிக்கிறேன்

நான் ஒன்று சேர்க்கலாமா? நாடாளுமன்ற இணையதளத்தில் பழைய கேள்வி பதில்களைத் தேடலாம். இதே கோட்டத்தைப் பற்றி முன்பு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துத் தருகிறேன். ஏற்கெனவே சொன்ன பதிலையே திரும்பக் கேட்டால் அனுமதிக்க மாட்டார்கள் என்று படித்தேன்.

#22 கோப்புக்குறிப்பு

சரியாகச் சொன்னீர்கள். பழைய பதில் கிடைத்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கலாம். அது இன்னும் பலமான கேள்வி.

#23 பார்வையாளர்மாடம்

பதில் தெளிவில்லாமல் வந்தால் அரை மணி நேர விவாதமும் இருக்கிறது, விதி 55. ஏற்கெனவே வந்த பதிலில் விளக்கம் தேவைப்படும் பொது முக்கியத்துவமுள்ள விஷயத்துக்கு அது. எளிதில் கிடைக்காது. ஆனால் இந்த மாதிரிச் சுரங்கப்பாதைகள் பல தொகுதிகளில் இருப்பதால், பல கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டால் எடுபடும். இதில் கட்சி பார்க்க வேண்டாம் என்று உங்கள் எம்.பி.யிடம் சொல்லுங்கள். தண்ணீர் எல்லாத் தொகுதியிலும்தான் தேங்குகிறது.

#24 கீழ்ப்பாலம்

எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன் ஐயா, பழைய கேட் பலகை இன்னும் அங்கேயே கிடக்கிறது. திங்கட்கிழமை எம்.பி. அலுவலகத்துக்குப் போகிறேன். அடுத்த தொடர் தொடங்கும் தேதி அறிவித்தவுடனேயே நோட்டீஸ் கொடுக்கச் சொல்ல வேண்டும், இல்லையா?

#25 பின்வரிசை

ஆமாம். கேள்விக்கு எந்தெந்த நாளில் நோட்டீஸ் வாங்குவார்கள் என்ற அட்டவணை தொடர் அறிவித்ததும் வந்துவிடும். ரயில்வே எந்த நாள் என்று அதில் இருக்கும். அந்த நாளுக்கான கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள். தொடர் குறுகியதாக இருந்தால் ரயில்வேக்கு இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். 377 வாசகத்தையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், கேள்விக்குப் பதில் வந்த அடுத்த வாரமே கொடுக்கலாம்.

#26 கோப்புக்குறிப்பு

பதில் வந்ததும் கேள்வி எண், தேதி, முழு வாசகம் மூன்றையும் இங்கே போடுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு சொல் இருந்தாலும் எனக்குக் காட்டுங்கள். அன்றிலிருந்து மூன்று மாதத்தைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, உறுதிமொழிக் குழுவுக்கு எம்.பி. எழுத வேண்டிய கடிதத்தை நான் வரைந்து தருகிறேன்.